பேரழுத்திகளைத் தாங்கும் வார்ப்பிரும்பு

கொல்லர் பட்டறை ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டால் எடுத்துக் கொல்லர் பட்டடையின் மீது வைக்கிறார். எதிரே நிற்பவர் சம்மட்டியை ஓங்கி அடிக்கிறார். பொறி பறக்கிறது, இரும்பு நீள்கிறது. பார்ப்பவர் கண்கள் எல்லாம் சம்மட்டியின் மீதே இருக்கும். அடியில் அசையாமல் கிடக்கும் பட்டடையை யாரும் கவனிப்பதில்லை.

இப்போது ஒரு கேள்வி. அதே இரும்பை வைக்கோல் கட்டின் மீது வைத்து அடித்தால் என்ன ஆகும்? அடித்த அடி எல்லாம் வைக்கோலை அமுக்குவதிலேயே வீணாகும். இரும்பு வளைந்து கொடுக்காது. ஆகவே வேலை செய்வது சம்மட்டி மட்டுமன்று. தாங்கி நிற்கும் பட்டடையும் வேலையில் பாதியைச் செய்கிறது. சம்மட்டி பெரிதாகப் பெரிதாகப் பட்டடையும் பெரிதாக வேண்டும். மனிதன் செய்த சம்மட்டி 50 டன் எடையை எட்டியபோது பட்டடை எவ்வளவு பெரிதாயிற்று? சம்மட்டிக்குப் பதில் 50,000 டன் விசையுடன் அமுக்கும் அழுத்திகள் வந்தபோது அவற்றைத் தாங்க எந்த உலோகம் முன்வந்தது? இந்தக் கதையில் வார்ப்பிரும்பு ஒருமுறை புகழ் பெற்றது, பின்னர் தோற்றது, மீண்டும் வென்றது. அந்த வெற்றிக்குக் காரணம் அதற்குள் இருந்த கரியின் வடிவம் மாறியதே.

அறுநூறு டன் பட்டடை

1839-இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் நீராவிச் சம்மட்டியின் படத்தை வரைந்தார். 1842-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி சம்மட்டித் தலையை மேலே தூக்கும். அது கீழே விழுந்து இரும்பை நசுக்கும். கப்பல்களின் அச்சுத்தண்டுகளும் பீரங்கிகளும் வளர வளர இந்தச் சம்மட்டிகளும் வளர்ந்தன.

ருஷ்யாவில் யூரல் மலைப்பகுதியை ஒட்டிக் காமா ஆற்றங்கரையில் பெர்ம் என்ற நகரம் உள்ளது. அங்குள்ள மொத்தோவிலிகா பீரங்கித் தொழிற்சாலையில் 50 டன் நீராவிச் சம்மட்டி ஒன்றை நிறுவத் திட்டமிட்டார்கள். அதற்காக 1873-இல் ஒரே வார்ப்பாக ஒரு பட்டடையை வார்த்தார்கள். அதன் எடை ஏறத்தாழ 622 டன்!

இவ்வளவு எடை எதற்கு? எளிய கணக்குத்தான். சம்மட்டியின் நிறை ஒரு பங்கு, பட்டடையின் நிறையும் ஒரு பங்கு என்று கொள்வோம். அப்போது அடியின் ஆற்றலில் பாதி மட்டுமே இரும்பை நசுக்கப் பயன்படும். மறுபாதி பட்டடையை அசைத்துத் தரையை அதிர வைக்கும். பட்டடையின் நிறை பன்னிரண்டு பங்காக இருந்தால் ஆற்றலில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு இரும்பைச் சென்றடையும். 50 டன்னையும் 622 டன்னையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெர்ம் பொறியாளர்களின் கணக்கு உங்களுக்கே விளங்கும்.

622 டன் பொருளை எங்கிருந்தோ வார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. இப்படிப்பட்ட பட்டடைகளுக்குத் தரையிலேயே குழி தோண்டி, மணலும் களிமண்ணும் கொண்டு அச்சு அமைப்பார்கள். குப்போலா உலைகள் பலவற்றிலிருந்து உருகிய இரும்பு வாய்க்கால் வழியாக ஒரே குழிக்குள் பாயும். ஓர் உலை தடைப்பட்டாலும் ஆபத்து. முதலில் ஊற்றியது உறைந்த பிறகு அடுத்தது வந்து விழுந்தால் இரண்டும் ஒட்டாமல் ஏடுகளாக நின்றுவிடும். ஊற்றி முடிந்த பின் அவசரப்படவும் கூடாது. மேற்பகுதி விரைவாக ஆறிச் சுருங்க, உள்பகுதி சூடாகவே இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்து வார்ப்பு தானாகவே பிளந்துவிடும். எனவே பெரிய வார்ப்புகள் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆற விடப்படுகின்றன.

பட்டடைக்கு வார்ப்பிரும்பைத் தேர்ந்தது சரியே. அது மலிவானது, எளிதில் உருகுவது, அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்புவது. அதைவிட முக்கியம், அமுக்கு விசையை அது நன்றாகத் தாங்கும். சம்மட்டி பட்டடையை அமுக்க, பட்டடை தரையை அமுக்குகிறது. அங்கே இழுவிசைக்கு அதிக வேலை இல்லை.

அழுத்தி வந்தது; ஆபத்தும் வந்தது

ஆனால் சம்மட்டிக்கு ஒரு குறை உண்டு. அதன் அடி கண்நேரத்தில் முடிந்துவிடும். பருத்த இரும்புத் துண்டு ஒன்றை அடித்தால் மேற்பகுதி நசுங்கும். நடுப்பகுதிக்கு அடியின் பயன் எட்டாது. சப்பாத்தி மாவு உருண்டையைக் கையால் தட்டுவதையும் உள்ளங்கையால் நிதானமாக அமுக்குவதையும் எண்ணிப் பாருங்கள். அமுக்கினால்தான் மாவு நடுவரை நெகிழும். உலோகமும் அப்படியே.

அமுக்குவதற்கான பொறி ஏற்கெனவே இருந்தது. பள்ளிப் பாடத்தில் நீங்கள் படிக்கும் பிராமா அழுத்திதான் அது. 1795-இல் ஜோசப் பிராமா அதற்குக் காப்புரிமை பெற்றார். சிறிய உந்துதண்டில் கொடுக்கும் சிறு விசை, நீரின் வழியாகப் பெரிய உந்துதண்டில் பன்மடங்கு விசையாக வெளிப்படும் என்பது அதன் தத்துவம். 1860-களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஜான் ஹாஸ்வெல் என்பவர் இந்த முறையில் ரயில் எஞ்சின் உறுப்புகளை அமுக்கி உருவாக்கிக் காட்டினார்.

இங்கேதான் ஒரு புதிய சிக்கல். சம்மட்டியின் அடி தரைக்குள் போய் மறைகிறது. அழுத்தியின் விசையோ வெளியே போக வழியில்லை. மேல் உத்தரம் உலோகத்தைக் கீழ்நோக்கி அமுக்கும்போது, உலோகம் அதே விசையுடன் மேல் உத்தரத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதனால் மேல் உத்தரமும் கீழ் உத்தரமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியப் பார்க்கின்றன. அவற்றைப் பிணைத்திருக்கும் தூண்கள் இழுபடுகின்றன. உத்தரங்கள் வளைகின்றன, வளையும் எந்தப் பொருளிலும் ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் இழுபடும். அழுத்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் அதன் உடலெங்கும் இழுவிசை ஓடுகிறது. வார்ப்பிரும்பின் பலவீனமும் அதே இழுவிசைதான்.

அந்தப் பலவீனத்தைப் பொறியாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் குறுக்கே ராபர்ட் ஸ்டீபன்சன் பிரிட்டானியா ரயில் பாலத்தைக் கட்டிக் கொண்டிருந்தார். ஏறத்தாழ 1,500 டன் எடையுள்ள இரும்புக் குழாய்ப் பாலம் ஒன்றை முழுதாக மேலே தூக்க வேண்டும். அதற்கெனப் பெரிய நீரழுத்தி ஒன்று செய்யப்பட்டது. அதன் உருளை வார்ப்பிரும்பால் ஆனது. சுவரின் கனம் மட்டும் ஏறத்தாழ ஓர் அடி. 1849 ஆகஸ்ட் 17 அன்று, தூக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்த உருளையின் அடிப்பகுதி அப்படியே பெயர்ந்து விழுந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

பாலம் மட்டும் தப்பியது. குழாய் மேலே ஏற ஏற அதன் அடியில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்று ஸ்டீபன்சன் முன்னரே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் குழாய் ஓர் அடிக்கும் குறைவாகவே விழுந்து நின்றது. பொறியை நம்பினாலும் அது உடையும் நேரத்துக்கும் ஏற்பாடு செய்துவைத்த அந்த எச்சரிக்கைதான் பாலத்தைக் காத்தது.

உடைந்த உருளையின் அடிப்பகுதி தட்டையாக, கூரான மூலையுடன் இருந்தது. உடைவு அந்த மூலையில்தான் தொடங்கிற்று. மாற்று உருளையின் அடிப்பகுதியை அரைக்கோளமாக வளைத்து வார்த்தார்கள்; அது தாங்கியது. கூர்மூலை இழுவிசையை ஓரிடத்தில் குவிக்கும், வளைவு அதைப் பரப்பிவிடும் என்ற பாடம் கிடைத்தது. வார்ப்பின் வெளி உருவத்துக்குப் பொருந்திய இந்தப் பாடம் அதன் உள் அமைப்புக்கும் பொருந்தும் என்பது விளங்க இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

கரி ஏடுகள்

வார்ப்பிரும்பு ஏன் இழுவிசைக்கு உடைகிறது? அதில் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு வரை கரி உள்ளது. உருகிய இரும்பு உறையும்போது இந்தக் கரியின் பெரும்பகுதி பிரிந்து கிராபைட்டாக, அதாவது பென்சிலில் உள்ள அதே பொருளாக, வெளிப்படுகிறது. கிராபைட் மிக இலேசானது. ஆகவே எடையில் கொஞ்சமாகத் தோன்றினாலும் பருமனில் அது பத்தில் ஒரு பங்குவரை இருக்கும்.

சாதாரண வார்ப்பிரும்பை மெருகேற்றி நுண்நோக்கியில் பார்த்தால் இந்தக் கிராபைட் மெல்லிய ஏடுகளாகச் சிதறிக் கிடப்பது தெரியும். கிராபைட்டுக்கு வலிமை இல்லை. எனவே ஒவ்வோர் ஏடும் இரும்புக்குள் பிறப்பிலேயே அமைந்த ஒரு கீறல்.

ஜவுளிக் கடையில் துணி கிழிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் கத்தரிக்கோலால் ஓரத்தில் சிறிதாக ஒரு வெட்டு வெட்டுவார். பிறகு இரு கைகளாலும் பிடித்து இழுத்தால் துணி நேராகக் கிழிந்து போகும். அந்த வெட்டு இல்லாமல் அதே துணியைக் கிழிக்கப் பாருங்கள், கை வலிக்கும். வெட்டின் கூர்முனையில் இழுவிசை முழுவதும் குவிகிறது. இரும்புக்குள் உள்ள கிராபைட் ஏட்டின் ஓரமும் அந்த வெட்டைப் போன்றதே. அமுக்கும்போது வெட்டு மூடிக்கொள்ளும்; இழுக்கும்போது வாய் திறக்கும். அதனால்தான் வார்ப்பிரும்பு இழுவிசையைவிட மூன்று நான்கு மடங்கு அமுக்கு விசையைத் தாங்குகிறது.

எஃகின் காலம்

ஆகவே பெரிய அழுத்திகளின் உடலுக்குப் பொறியாளர்கள் எஃகை நாடினார்கள். எஃகில் கரி மிகக் குறைவு. கிராபைட் ஏடுகள் இல்லை. ஆனால் எஃகை வார்ப்பது எளிதன்று. வார்ப்பிரும்பு உருகும் வெப்பநிலையைவிட அது சில நூறு டிகிரி அதிக வெப்பத்தில், 1,500 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். அச்சு மணலைச் சுட்டெரிக்கும். உறையும்போது மிகுதியாகச் சுருங்குவதால் உள்ளே பொள்ளல்கள் விழும்.

எனினும் தேவை அவர்களை விடவில்லை. 1930-களில் ஜெர்மானியர் மக்னீசியம், அலுமினியம் முதலிய இலேசான உலோகங்களால் பெரிய விமான உறுப்புகளை ஒரே துண்டாக உருவாக்கப் பேரழுத்திகளைக் கட்டினார்கள். பல சிறு துண்டுகளை ஆணி அடித்து இணைப்பதைவிட ஒரே துண்டு இலேசானது, உறுதியானது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மனியின் மிகப் பெரிய 30,000 டன் அழுத்தியைச் சோவியத் நாடு எடுத்துச் சென்றது. 15,000 டன் அழுத்திகள் இரண்டு அமெரிக்காவுக்குச் சென்றன.

இதையடுத்து 1950-இல் அமெரிக்க விமானப்படை பேரழுத்தித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பயனாக 50,000 டன் அழுத்திகள் இரண்டு எழுந்தன. அவற்றுள் ஒன்று 1955 மே மாதம் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் இயங்கத் தொடங்கியது. அதைக் கட்டியது மெஸ்டா என்ற நிறுவனம். அதன் உயரம் 87 அடி. அதில் 36 அடி தரைக்குக் கீழே புதைந்துள்ளது. மொத்த எடை ஏறத்தாழ 8,000 டன். சில ஆண்டுகளுக்குள் சோவியத் நாட்டின் கிரமத்தோர்ஸ்க் நகரத் தொழிற்சாலை 75,000 டன் அழுத்திகளையே கட்டிவிட்டது. எங்கும் எஃகே ஆட்சி செய்தது. வார்ப்பிரும்பின் காலம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது.

ஏடு உருண்டையானது

ஆனால் அதற்கு முன்பே, போரின் நடுவில், வேறொரு செய்தி உருவாகிக்கொண்டிருந்தது. தேய்மானத்தைத் தாங்கும் ஒருவகை வார்ப்பிரும்புக்குக் குரோமியம் தேவை. போர்க்காலத்தில் அது கிடைப்பது அரிதாயிற்று. சர்வதேச நிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய கீத் மில்லிஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் குரோமியத்துக்கு மாற்றாக வேறு பல தனிமங்களை உருகிய இரும்பில் சேர்த்துப் பார்த்தார். அவற்றுள் ஒன்று மக்னீசியம். 1943-இல் நடந்த இந்தச் சோதனைகளில் அவர் தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. மிகச் சிறிதளவு மக்னீசியம் சேர்ந்த இரும்பில் கிராபைட் ஏடுகளாக அமையவில்லை. குட்டிக் குட்டி உருண்டைகளாக அமைந்திருந்தது!

1948-இல் பிலடெல்பியா நகரில் நடந்த வார்ப்படத் தொழிலாளர் மாநாட்டில் இச்செய்தி வெளியாயிற்று. அதே மாநாட்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஹென்டன் மோரோ என்ற அறிஞர், சீரியம் என்ற தனிமத்தைச் சேர்த்தும் உருண்டைக் கிராபைட்டைப் பெறலாம் என்பதைக் கூறினார். இரு நாடுகளில் தனித்தனியே நடந்த ஆராய்ச்சிகள் ஒரே இடத்தில் சந்தித்தன.

ஜவுளிக் கடையை மீண்டும் நினைவுகூருங்கள். துணியில் வெட்டுக்குப் பதில் வட்டமான துளை இருந்தால் அது அவ்வளவு எளிதில் கிழியாது. உருண்டைக்குக் கூர்முனை இல்லை. விசை அதைச் சுற்றி வழுக்கிச் செல்கிறது. பிரிட்டானியா உருளையின் தட்டை அடியை அரைக்கோளமாக்கியபோது கற்ற பாடம் இரும்பின் உள்ளேயே இப்போது நிறைவேறியது. கரியின் அளவு குறையவில்லை. வடிவம் மட்டுமே மாறியது. சாதாரண வார்ப்பிரும்பு இழுத்தால் நீளாமல் உடையும். உருண்டைக் கிராபைட் இரும்பின் சில வகைகளோ நூற்றுக்குப் பதினைந்து பங்கு நீண்ட பின்னரே அறுகின்றன. இதனால் வார்ப்பிரும்பு மீண்டும் அழுத்தி உத்தரமாகும் தகுதியைப் பெற்றது.

இராட்சத வார்ப்பு பிறக்கும் விதம்

தகுதி பெறுவது வேறு. இருநூறு டன்னில் செய்து காட்டுவது வேறு. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரிலுள்ள சீம்பெல்காம்ப் வார்ப்பட ஆலை போன்ற மிகச் சில இடங்களே 200 டன்னைத் தாண்டும் உருண்டைக் கிராபைட் வார்ப்புகளைச் செய்கின்றன. அத்தகைய ஆலைக்குள் நாமும் ஒருமுறை போய்வருவோம்.

முதலில் மரத்தால் மாதிரி செய்கிறார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மாதிரியை நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். ஐந்து மீட்டர் உத்தரத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கூடுதல். இதற்கென்றே மாதிரித் தச்சர்களிடம் தனி அளவுகோல் உண்டு. தரைக்குழியில் மாதிரியைச் சுற்றிப் பிசின் கலந்த மணலைக் கெட்டித்து அச்சு அமைக்கிறார்கள். வார்ப்பில் குடைவு வேண்டிய இடங்களில் கெட்டி மணற்கட்டிகளை வைக்கிறார்கள்.

இந்த மணற்கட்டி எத்திசையில் நகரப் பார்க்கும்? கீழே அமிழும் என்பீர்கள். இல்லை; மேலே மிதக்கும்! ஒரு கன மீட்டர் மணற்கட்டியின் எடை ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். அது விலக்கும் திரவ இரும்போ ஏழு டன். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசை அதை மேலே தள்ளும். ஆகவே மணற்கட்டிகளைக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். அச்சின் மேல்மூடி மீதும் பெரும் பாரம் ஏற்ற வேண்டும். இதை மறந்தால் மூடி தூக்கிக்கொண்டு, நெருப்பு ஆறு தரையில் பாயும்.

அடுத்தது மக்னீசியம். அது ஏறத்தாழ 1,090 டிகிரியில் கொதிக்கிறது. உருகிய இரும்போ 1,400 டிகிரி அளவில் இருக்கிறது. ஆகவே இரும்பைத் தொட்டதும் ஆவியாகிக் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியுடன் எரிகிறது. எஞ்சி நிற்கும் மிகச் சிறு பகுதிதான் கிராபைட்டை உருண்டையாக்கும். அதன் பயனும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும். எனவே பல வார்ப்புக் கொப்பரைகளில் இரும்பைத் தயார் செய்து, எல்லாவற்றையும் ஒரே வேளையில் சாய்த்துச் சில நிமிடங்களுக்குள் ஊற்றிவிட வேண்டும்.

அதன் பிறகும் ஓர் ஆபத்து உண்டு. தடித்த பகுதிகள் உறைய நெடுநேரம் பிடிக்கும். அந்த இடைவேளையில் உருண்டைகள் சிதைந்து, ஒழுங்கற்ற உருவங்களாகிவிடக் கூடும். இதைத் தடுக்க, தடித்த இடங்களை ஒட்டி அச்சுக்குள்ளேயே இரும்புக் கட்டிகளைப் பதிக்கிறார்கள். அவை வெப்பத்தை உறிஞ்சி உறைவை விரைவுபடுத்துகின்றன.

வார்ப்பு ஆறிய பின், உள்ளே கிராபைட் உருண்டையாகத்தான் அமைந்ததா என்று எப்படி அறிவது? சந்தையில் பானை வாங்கும் பெண்மணி அதைத் தட்டிப் பார்த்து வாங்குவார் அல்லவா? அதே முறைதான். செவிக்கு எட்டாத மீயொலியை உள்ளே செலுத்துகிறார்கள். உருண்டைக் கிராபைட் இரும்பில் ஒலி நொடிக்கு 5,500 மீட்டருக்கு மேல் செல்லும். ஏடுகள் இருந்தால் வேகம் தெளிவாகக் குறைந்துவிடும். பொள்ளலோ கீறலோ இருந்தால் எதிரொலி காட்டிக்கொடுக்கும்.

வண்டிச் சக்கரத்தின் சூத்திரம்

இத்தனைக்குப் பிறகும் பொறியாளர் வார்ப்பை முழுவதும் இழுவிசையின் கையில் விட்டுவிடுவதில்லை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி உடனே விளங்கும். பட்டையைக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின் மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கிச் சக்கரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். பின்னர் வண்டி எந்த மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினாலும் சக்கரத்தின் பொருத்துகள் பிரிவதில்லை.

அழுத்தியிலும் அப்படியே. உத்தரங்களையும் அவற்றுக்கிடையே உள்ள தாங்கிகளையும் நீண்ட எஃகுத் தண்டுகளால் பிணைக்கிறார்கள். தண்டுகளைச் சூடாக்கியோ நீர் அழுத்தத்தால் இழுத்தோ நீளச் செய்து, மரையை இறுக்கிவிடுவார்கள். தண்டு சுருங்க முயன்று உத்தரத்தையும் தாங்கியையும் எப்போதும் அமுக்கியபடியே இருக்கும். அழுத்தி வேலை செய்யும்போது அந்த முன் அமுக்கம் சற்றுக் குறையுமே தவிரத் தாங்கிகள் இழுபடுவதில்லை. இழுவிசையைத் தாங்குவது எஃகுத் தண்டுகளின் பொறுப்பு. அமுக்கத்தைத் தாங்குவது வார்ப்பின் பொறுப்பு. அவரவர்க்கு வல்ல வேலை அவரவருக்கு.

ஓய்வில்லாத காவல்

கிளீவ்லாந்து நகரின் அந்த 50,000 டன் அழுத்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைத்த பின் 2008-இல் அதன் உடலில் வெடிப்புகள் காணப்பட்டன. அழுத்தியை நிறுத்தினார்கள். ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2012-இல் மீண்டும் இயக்கினார்கள். எஃகும் களைப்படையும் என்பதை அது காட்டியது. ஒருமுறை தாங்கும் சுமையை இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் எந்த உலோகத்திலும் சிறு கீறல் வளரத் தொடங்கும். அந்தக் கீறலை மனிதன் முதலில் கண்டான். அதனால் விபத்து இல்லாமல் பழுது தீர்ந்தது. 1849-இல் ஸ்டீபன்சன் கொடுத்துவைத்த முட்டுக்கும் இந்தக் கண்காணிப்புக்கும் அடிப்படை ஒன்றே.

அடுத்த முறை வானில் ஒரு விமானத்தைக் காணும்போது, அதன் இறக்கையைத் தாங்கும் உறுப்புகள் எங்கோ ஒரு பேரழுத்தியின் அடியில் அமுங்கி உருவானவை என்பதை எண்ணிப் பாருங்கள். அப்படியே உங்கள் ஊர்க் கொல்லர் பட்டறைக்கும் ஒருமுறை செல்லுங்கள். இம்முறை சம்மட்டியை விட்டுவிட்டு, அடி அத்தனையையும் வாங்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும் பட்டடையைச் சற்று நேரம் கவனியுங்கள்.